பதினைந்து வயதுப் பிள்ளையைக் குழுச் சிகிச்சைக்கு அனுப்பலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும். உங்கள் அக்கா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்), அவருடைய மகளை நீங்கள்தான் வளர்க்கிறீர்கள். பிள்ளைக்கு இப்போது 15 வயது. இரண்டு வருடங்களுக்கு முன்பு உறவினர் ஒருவர் அவளைப் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளாக்கினார். அந்த ஆள் இப்போது தோட்டத்தில் இல்லை, வழக்கு நடக்கிறது. ஆஸ்பத்திரியில் ஏழெட்டுத் தடவை தனியாக உளவளத்துணை (கவுன்சலிங்) பெற்றிருக்கிறாள். இனி அவளைப் போன்ற பிள்ளைகள் சேர்ந்த குழுவொன்றில் பன்னிரண்டு வாரம் இருக்கட்டும் என்று உளவளத்துணையாளர் சொல்கிறார். எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்ல வேண்டி வருமா, மற்றவர்களின் கதையைக் கேட்டு இன்னும் உடைந்துபோவாளா, விஷயம் தோட்டத்தில் பரவிவிடுமா, வழக்குக்கு இடைஞ்சலாகுமா என்பவை உங்கள் கேள்விகள். அக்கா போனில் "மறக்க விடு, கிளறாதே" என்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் மலையகத்தில் பல வருடங்களாக உளசமூகப் பணியில் இருப்பவள். இப்படியான குழுக்களில் முதலில் துணை நடத்துநராகவும் பிறகு நடத்துநராகவும் இருந்திருக்கிறேன். கீழே வரும் பிள்ளைகளைப் பற்றிய விபரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியே எழுதுகிறேன்.

உங்களை அதிகமாக வாட்டுகிற முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். ஒழுங்காக நடத்தப்படும் குழுவில் உங்கள் பிள்ளை தனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. சொல்ல வேண்டியதில்லை என்பதோடு, சொல்லத் தொடங்கினாலும் நடத்துநர் மென்மையாக அவளை நிறுத்தி, "இதை நாம் தனியாக இருக்கும்போது பேசுவோம்" என்று வேறு நேரத்துக்கு எடுத்துச் செல்வார். மனவடுவுக்கான (மனதில் பதிந்த காயத்துக்கான) சிகிச்சையில் நடந்ததை ஒழுங்குபடுத்திச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்குரிய இடம் தனியறை. அங்கே பிள்ளையும் சிகிச்சையாளரும் மட்டுமே இருப்பார்கள். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பாடசாலைகளில், வன்முறையைக் கண்ட, அனுபவித்த பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்ட ஒரு குழுத் திட்டத்தைப் பாருங்கள். அதில் 10 குழு அமர்வுகள் இருக்கின்றன; அவற்றுக்கு இடையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 1 முதல் 3 வரை தனி அமர்வுகள் வைத்திருக்கிறார்கள். சம்பவத்தை விரிவாகப் பேசுவது அந்தத் தனி அமர்வுகளில்தான். பாலியல் துஷ்பிரயோகத்தில் இந்தப் பிரிப்பு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு பிள்ளையின் விபரம் இன்னொரு பிள்ளையின் கனவுக்குள் போய்விடும். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கதைகள் விபரமாக வெளிவரும் குழுவுக்கு அனுப்பாதீர்கள்; அவ்வளவுதான்.

அப்படியானால் குழுவில் என்னதான் நடக்கிறது, தனியாகப் பேசினால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தனி உளவளத்துணையில் நான் ஒரு பிள்ளையிடம் நூறு தடவை "உன் மேல் தப்பில்லை" என்று சொல்லலாம். அவள் தலையை ஆட்டுவாள். "மிஸ் நல்லவங்க, அதனால சொல்றாங்க" என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வாள். அதே வசனத்தை அவள் வயதுப் பிள்ளை, அதே மாதிரிச் சீருடை போட்டு, அதே மாதிரிக் கால் வெடிப்போடு உட்கார்ந்திருக்கும் இன்னொருத்தி சொல்லும்போது அது வேறு இடத்தில் போய் விழுகிறது. குழுச் சிகிச்சை பற்றி அதிகம் எழுதிய அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலொம், குழு ஒருவரைக் குணப்படுத்துவதற்கான 11 காரணங்களைப் பட்டியலிட்டார். 'எனக்கு மட்டும் இல்லை' என்று உணர்வது அவற்றில் ஒன்று. பாலியல் துஷ்பிரயோகத்தைப் பொறுத்தவரை அந்த ஒன்றே மற்றப் பத்தையும் தூக்கி நிறுத்துகிறது என்பது என் கருத்து. குற்றம் செய்தவன் பிள்ளையிடம் முதலில் சொல்வதே "யாரிடமும் சொல்லாதே" என்பதுதான். அந்த நாளிலிருந்து உலகத்தில் தனக்கு மட்டுமே இது நடந்தது என்று நினைத்து வாழும் பிள்ளை, ஓர் அறைக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் ஏழு பேருக்கும் இதுதான் நடந்தது என்று அறிந்துகொண்டு உட்காருகிறாள். யாரும் எதையும் விவரிக்கவில்லை. ஆனாலும் அந்தத் தனிமை அன்றே உடையத் தொடங்கிவிடுகிறது.

ஒரு குழுவின் நான்காவது வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய தாளில் ஒவ்வொருத்தியும் தன் தோட்டத்தை வரைய வேண்டும்: லயம், பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்), கோயில், பிள்ளைக் காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்), ஃபெக்டரி, பாடசாலைக்குப் போகும் குறுக்குப் பாதை. பிறகு உடம்பு இறுகும் இடங்களுக்குச் சிவப்பு, மூச்சு இலகுவாகும் இடங்களுக்குப் பச்சை. காரணம் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு பிள்ளை பீலியைச் சிவப்பாக்கினாள். வெகுநேரம் பென்சிலை அழுத்தி அழுத்தித் தீட்டியதில் தாள் கிழிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள், மஸ்கெலியாப் பக்கம் வேறு தோட்டத்துப் பிள்ளை, அதைப் பார்த்துவிட்டுத் தன் தாளைத் திருப்பிக் காட்டினாள். அவளும் பீலியைத்தான் சிவப்பாக்கியிருந்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரம் முதலாமவள் வந்து, விடிவதற்குள் தண்ணீருக்குப் போகத் தனக்குப் பயமாக இருக்கிறது, யாராவது கூட வந்தால் நல்லது என்று சித்தப்பா மகளிடம் கேட்டதாகச் சொன்னாள். ஒன்றரை வருடமாக அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவ்வகைப் பிள்ளைகளுக்கு மிக நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை, மனவடுவை மையப்படுத்திய அறிகை நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் சிகிச்சை. ஜூடித் கோஹன், அந்தனி மனாரினோ, எஸ்தர் டெப்லிங்கர் என்ற மூவர் அதை உருவாக்கினார்கள். முதலில் பிள்ளையும் பராமரிப்பவரும் கலந்துகொள்ளும் தனிச் சிகிச்சையாகவே அது இருந்தது. பின்னர் கொங்கோவில், போரின் நடுவில் பாலியல் வன்முறைக்கும் சுரண்டலுக்கும் உள்ளான 12 முதல் 17 வயது வரையான 52 சிறுமியரிடம் குழு வடிவில் 15 அமர்வுகளாகச் செய்து பார்த்தார்கள். அதன் முடிவு 2013 இல் வெளியானது. சிகிச்சை பெற்ற சிறுமியரிடம் மனவடு அறிகுறிகளும் மனச்சோர்வும் பதற்றமும், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தன. நமது லயத்துக்கும் கொங்கோவுக்கும் தூரம் அதிகம்தான். ஆனால் மனநல மருத்துவர் ஒருவர்கூடக் கிட்டாத இடங்களில், வறுமைக்குள், பயிற்றப்பட்ட உள்ளூர் ஆட்களைக் கொண்டே இதைச் செய்யலாம் என்பதை அது காட்டியது. பெரிய ஆஸ்பத்திரிகளின் ஆய்வுகளைவிட நமக்கு அது நெருக்கமானது.

இனி, பரவிவிடுமா என்ற கேள்வி. இது மலையகத்துக்கே உரிய கேள்வி, இதைத் தட்டிக்கழிக்கும் எந்த உளவளத்துணையாளரையும் நான் நம்ப மாட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, நடுவில் மெல்லிய சுவர், ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் காலையில் சொன்ன சொல், பகல் சாப்பாட்டுக்குள் அடுத்த டிவிசனுக்குப் போய்விடும். நகரத்தில் எழுதப்பட்ட சிகிச்சைக் கையேட்டில் 'இரகசியம் காக்கப்படும்' என்று ஒரு வரி இருக்கும். இங்கே அந்த ஒரு வரிக்குள் இருபது வேலைகள் இருக்கின்றன.

ஒரே தோட்டத்திலிருந்து இரண்டு பிள்ளைகளை ஒரே குழுவில் சேர்க்கக்கூடாது. முடிந்தால் ஒரே பாடசாலையிலிருந்தும் கூடாது. ஒரே ஆளால் பாதிக்கப்பட்ட இரண்டு பிள்ளைகளை எக்காரணம் கொண்டும் ஒன்றாக வைக்கக்கூடாது. குழுவுக்கு வைக்கும் பெயரில் துஷ்பிரயோகம், பாதிப்பு, வன்முறை என்ற சொற்கள் வரக்கூடாது. பிள்ளை பஸ்ஸில் யாராவது கேட்டால் பொய் சொல்லாமல் சொல்லக்கூடிய பெயராக இருக்க வேண்டும். நாங்கள் 'சனிக்கிழமை வகுப்பு' என்றோம். சனிக்கிழமை காலையில் ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ டியூசனுக்குப் பிள்ளைகள் வருவது வழக்கம் என்பதால், அந்த நேரத்தில் புத்தகப் பையோடு டவுனில் இறங்கும் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அமர்வு ஒன்றரை மணித்தியாலம். முடிவு நேரத்தைப் பஸ்தான் தீர்மானிக்கிறது. மூடுபனி இறங்குவதற்குள் பிள்ளை வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இருக்க வேண்டும்.

இடம் இன்னொரு விஷயம். பல அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சுகாதார அமைச்சின் 'நட்பு நிலையம்' இருக்கிறது, சிங்களத்தில் 'மித்துரு பியச' என்பார்கள். வன்முறைக்குள்ளான பெண்களுக்கு அங்கே நல்ல சேவை கிடைக்கிறது. ஆனால் அதன் வாசல் வெளிநோயாளர் வரிசைக்குப் பக்கத்தில் இருந்தால், பன்னிரண்டு வாரம் தொடர்ந்து அந்தக் கதவுக்குள் போகும் பிள்ளையை நாலு பேர் கவனிக்கத்தான் செய்வார்கள். தேநீர் கொண்டு வருபவர் யார், கதவைத் திறந்து விடுபவர் எந்தத் தோட்டம் என்பதெல்லாம் அற்பமான விசாரிப்புகள் என்று நினைக்காதீர்கள். ஒரு தடவை எங்கள் குழுவில் ஒரு பிள்ளை இரண்டாவது வாரம் வரவேயில்லை. ஏன் என்று தேடிப் போனபோதுதான், கூட்டிப் பெருக்க வந்த அம்மா அவளுடைய பெரியம்மாவின் சம்பந்தி என்று தெரிந்தது. அறையை மாற்றினோம். அவள் திரும்பி வந்தாள்.

முதல் நாள் பிள்ளைகளே விதிகளை எழுதுவார்கள். இங்கே கேட்டது இங்கேயே, டவுனில் சந்தித்தால் தெரியாதவர்கள் போலப் போகலாம், அது மரியாதைக் குறைவல்ல, முழுப் பெயரும் தோட்டத்தின் பெயரும் சொல்லத் தேவையில்லை, கைப்பேசி வெளியே. நடத்துநரும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். யாராவது தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தால், அல்லது இப்போதும் யாராவது துன்புறுத்துவதாகத் தெரியவந்தால், அதை மட்டும் மூடி வைக்க முடியாது, உரியவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். இதை முதல் நாளே சொல்லாமல் பின்னர் செய்தால் பிள்ளை அதைத் துரோகமாகத்தான் எடுத்துக்கொள்வாள், அதில் நியாயமும் இருக்கிறது.

எல்லாப் பிள்ளைக்கும் குழு பொருந்தாது. குற்றம் செய்தவன் அதே வீட்டில் அல்லது அதே லயத்தில் இன்னும் இருந்தால், முதலில் செய்ய வேண்டியது பாதுகாப்பு; குழு பிறகு. அமெரிக்க மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992 இல் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தபோது பாதுகாப்பை முதலில் வைத்தார், நினைவுகூர்ந்து துக்கப்படுவதை இரண்டாவதாகவும், வாழ்க்கையோடு மீண்டும் இணைவதை மூன்றாவதாகவும் வைத்தார். அந்த வரிசை மாறினால் பிள்ளை தாங்க மாட்டாள். சம்பவம் நடந்து சில வாரங்களே ஆன பிள்ளை, கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளை, சாகப்போவதாகச் சொல்லும் பிள்ளை, குழந்தை பெற்ற கையோடு பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் பிள்ளை ஆகியோருக்குத் தனிக் கவனிப்பே முதலில் வேண்டும். உங்கள் பிள்ளைக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது, அந்த ஆள் பக்கத்தில் இல்லை, தனி அமர்வுகள் நடந்திருக்கின்றன. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அவள் தயாராகத்தான் இருக்கிறாள். ஆனாலும் குழு தொடங்குவதற்கு முன் நடத்துநர் அவளைத் தனியாக ஒரு முறையாவது சந்தித்து, "உனக்கு விருப்பமா" என்று கேட்டிருக்க வேண்டும். "இல்லை" என்று சொல்ல அவளுக்கு இடம் வேண்டும். உடம்பு விஷயத்தில் அவளுடைய "இல்லை" ஏற்கனவே ஒரு தடவை மதிக்கப்படவில்லை.

பன்னிரண்டு வாரத்தில் பெரும்பகுதி கற்றுக்கொள்வதிலேயே போகிறது. உடம்பில் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்வதுதான் அதில் முக்கியம். ஒவ்வொரு குழுவிலும், ஏதோ ஒரு வாரத்தில், ஒரு பிள்ளை "நான் ஏன் கத்தவில்லை?" என்று கேட்பாள். பொலிஸிலும் கேட்டிருப்பார்கள், வீட்டிலும் கேட்டிருப்பார்கள், கேட்காத நாளில் அவளே தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அப்போது நான் சிறுத்தையைப் பற்றிக் கேட்பேன். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தெரியும்: இரவில் சிறுத்தை லயத்தருகே வந்தால், ஊரெல்லாம் குரைக்கிற நாய் அன்றைக்கு மட்டும் சத்தமில்லாமல் உறைந்து நிற்கும். அது கோழை நாய் இல்லை. தப்ப வழியில்லை என்று மூளை முடிவெடுத்த நொடியில் உடம்பு தானாக உறைந்துவிடுகிறது. உடம்பு நம்மைக் கேட்டுக்கொண்டு அதைச் செய்வதில்லை. இதைக் கேட்டபோது ஒரு பிள்ளை, "அப்ப எங்க வீட்டு நாய்க்கும் தப்பில்ல, எனக்கும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு இல்லாத குழுவை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

மனநிலையை அளக்க ஒன்று முதல் பத்து வரை இலக்கம் சொல்லச் சொல்வது வழக்கம். எங்கள் பிள்ளைகள் அதைத் தங்கள் பாணிக்கு மாற்றினார்கள். ஃபெக்டரி வாசல் அமைதி; பத்தாம் நம்பர் தேயிலை மலையின் உச்சி தாங்க முடியாத பதற்றம். "இப்ப எங்க நிக்கிற?" "ஆறாம் நம்பர் மலையில." "எப்படி இறங்குவ?" என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள். இறங்குவதற்கான வழிகளைத்தான் மற்ற வாரங்களில் கற்கிறோம்: மூச்சை மெதுவாக வெளியே விடுவது, இந்த நிமிடத்தில் கண்ணில் படும் ஐந்து பொருட்களைச் சொல்வது, கம்பளியின் சொரசொரப்பைக் கையால் தடவி 'நான் இப்போது இங்கே இருக்கிறேன்' என்று உடம்புக்கு நினைவூட்டுவது. தூக்கம், கெட்ட கனவு, 'என்னால்தான் குடும்பம் பிரிந்தது' என்பது போன்ற எண்ணங்களை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது எல்லாம் உண்டு. உடல் வளர்ச்சி, மாதவிடாய், நல்ல உறவு என்றால் என்ன, விருப்பம் கேட்பது என்றால் என்ன என்பதற்கும் ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இனப்பெருக்கம் பற்றிய பாடத்தை 'நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்' என்று கடந்துபோகும் வகுப்பறைகளிலிருந்துதான் இந்தப் பிள்ளைகள் வருகிறார்கள்.

மூன்றாம் நான்காம் வாரங்களில் அவள் கொஞ்சம் மோசமானது போலத் தெரியலாம். எரிந்து விழுவாள், இரவில் விழித்திருப்பாள். இது எதிர்பார்க்கக்கூடியது, ஓரிரு வாரத்தில் தணியும். ஆனால் சாப்பாட்டை நிறுத்துவது, பாடசாலைக்குப் போக மறுப்பது, தன் சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்குவது, சாவைப் பற்றிப் பேசுவது போன்றவை வந்தால் அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்காமல் அன்றே நடத்துநருக்குச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

வழக்குப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயமானது. சாட்சி சொல்லும் நாளில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, "இதையெல்லாம் குழுவில் சொல்லிக் கொடுத்தார்களா" என்று கேட்க இடம் வைக்கக்கூடாது. குழுவில் சம்பவத்தை விவரிக்காமல் இருப்பதற்கு இது இன்னொரு காரணம். நடத்துநர் எழுதி வைக்கும் குறிப்பில் வந்தாள், இன்ன பயிற்சியில் பங்குபற்றினாள் என்பதற்கு மேல் சம்பவ விபரம் இருக்கக்கூடாது. நீங்கள் இதை நேராகவே கேட்கலாம். சிகிச்சை பெறுவது அவள் உரிமை. வழக்கு முடியும் வரை சிகிச்சையைத் தள்ளிப்போடு என்று யாராவது சொன்னால், நம் நாட்டில் இந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதை அவருக்கு நினைவூட்டுங்கள். 13 வயதில் காயப்பட்டவள் 20 வயது வரை மருந்தில்லாமல் இருக்க முடியாது. சிறுவர் சாட்சியின் ஆரம்ப வாக்குமூலத்தை வீடியோவில் பதிவுசெய்து நீதிமன்றத்தில் பயன்படுத்த 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் 2015 இல் வந்தது, அதற்குப் பதிலாக 2023 இல் புதிய சட்டம் கொண்டுவரப்பட்டது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். நீதிமன்றம் எப்படி இருக்கும், யார் எங்கே உட்காருவார்கள், விளங்காத கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல்லலாமா என்பதையெல்லாம் குழுவில் பழக்கலாம். அதில் சாட்சியத்தின் நிழல்கூட விழாது.

ஊர்ப் பெரியவர்களோ தலைவர்களோ 'பேசி முடித்துவிடலாம்' என்று வருவார்கள், வழக்குத் தேதி நெருங்கும்போது கட்டாயம் வருவார்கள். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சம்மதம் சட்டத்தில் சம்மதமாகாது, பொதுச் சட்டத்தில் திருமண வயது 18. அந்த ஆளுக்கே கட்டி வைக்கிறோம் என்ற பேச்சை வாசலிலேயே நிறுத்துங்கள். நெருக்குதல் அதிகமானால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 க்கு அழைத்துச் சொல்லலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்.

ஆண் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி சொல்ல வேண்டும். அவர்களுக்கும் நடக்கிறது. நமது தண்டனைச் சட்டக்கோவையில் வன்புணர்வு என்பது பெண்ணுக்கு எதிரான குற்றமாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆண் பிள்ளைக்கு நடந்தால் அது 'கடுமையான பாலியல் துஷ்பிரயோகம்' என்ற வேறு பிரிவின் கீழ் வருகிறது. சட்டத்தில்கூட வேறு பெயர் கொடுக்கப்பட்ட பிள்ளை வாய் திறப்பது அபூர்வம். அவர்களுக்குத் தனிக் குழு வேண்டும், மலையகத்தில் அதை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

நல்ல குழுவை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டால், எதைக் கண்டால் திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொல்வது எனக்கு இலகு. ஒரு தடவை ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், ஒரு நாள் பயிற்சிப் பட்டறை என்று பிள்ளைகளைக் கூட்டிவந்தது. மண்டப வாசலிலேயே 'பாதிக்கப்பட்ட சிறுமியருக்கான உளவளத்துணை நிகழ்வு' என்று பெரிய பதாகை. உள்ளே விளக்கை அணைத்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, ஒவ்வொருத்தியையும் அழ வைத்தார்கள். மாலையில் குழுப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதில் இருந்த மூன்று பிள்ளைகளைப் பிறகு நாங்கள் தனித்தனியாகப் பார்க்க வேண்டி வந்தது. அழ வைப்பது சிகிச்சை இல்லை. ஒரே தடவை உட்கார வைத்து நடந்ததைக் கொட்டச் சொல்லும் முறை மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்பது ஆய்வுகளில் முன்பே தெரிந்துவிட்ட விஷயம்.

ஆகவே உளவளத்துணையாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். நடத்துநர்கள் இரண்டு பேரா? ஒரு பிள்ளை எழுந்து வெளியே போனால் பின்னால் போக இன்னொருவர் வேண்டும். பிள்ளைகளின் வயது என்ன? 12 வயதுப் பிள்ளையையும் 17 வயதுப் பிள்ளையையும் ஒன்றாக வைப்பது இருவருக்கும் நல்லதல்ல. இடையில் புதியவர்களைச் சேர்ப்பார்களா? தொடங்கியவர்களே முடிப்பதுதான் இங்கே நல்லது. பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு என்ன? எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மொழியில் நடக்கிறது? மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தனி உளவளத்துணையை ஒருவாறு சமாளிக்கலாம். குழுவை நடத்த முடியாது. 'மனசு பாரமா இருக்கு', 'நெஞ்சு படபடங்குது', 'ஒரே யோசனை' என்று அவள் சொல்லும்போது அந்த மூன்றுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எதிரே இருப்பவருக்கு அந்த நொடியிலேயே விளங்க வேண்டும். தமிழ் பேசும் உளவளத்துணையாளர்கள் போதாத மாவட்டங்களில் 'இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்' என்பது பதிலாகிவிடக்கூடாது, கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது நம் வேலை.

அக்காவின் "மறக்க விடு" என்பதற்கு வருகிறேன். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது, தூரத்தில் இருக்கும் தாயின் குற்றவுணர்வும் இருக்கிறது. ஆனால் பிள்ளை மறக்கவில்லை, மறந்தது போல நடக்கப் பழகியிருக்கிறாள். தனியாகத் தண்ணீருக்குப் போகாமல், குறிப்பிட்ட பாதையில் நடக்காமல், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு வராமல். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் பெரிதாகிறது, வாழ்க்கை சின்னதாகிறது. அக்காவோடு சண்டை போடாதீர்கள். பராமரிப்பவர்களுக்கான சந்திப்பு இடையிடையே இருக்கும்; இல்லாவிட்டால் வேண்டும் என்று கேளுங்கள், பிள்ளை தேறுவதில் உங்கள் பங்கு குழுவின் பங்குக்குக் குறைந்ததல்ல. அக்காவுக்கு லீவு கிடைக்கும் வெள்ளிக்கிழமையில் வட்ஸ்அப்பில் நடத்துநரோடு பத்து நிமிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். நான் கண்டவரை, தாய்மார் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்றுதான்: "நான் போனதாலதான் இது நடந்துச்சா?" அதற்குப் பதில் சொல்ல நடத்துநருக்குத் தெரியும்.

சனிக்கிழமை திரும்பி வந்தவளிடம் "இன்னைக்கு என்ன பேசினீங்க" என்று கேட்காதீர்கள். சாப்பாடு போடுங்கள். பேச வந்தால் கேளுங்கள், பேசாவிட்டால் விடுங்கள். முதல் நாள் மட்டும் பஸ்ஸில் கூடப் போய், அறை வாசலில் விட்டுவிட்டு, பக்கத்தில் எங்காவது உட்கார்ந்திருங்கள்; எங்கே இருப்பீர்கள் என்று அவளுக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். பத்து நிமிடத்தில் அவள் வெளியே ஓடி வந்தாலும் ஏன் என்று கேட்காமல் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுங்கள். உள்ளே அவளுடைய கதிரையை எடுக்க மாட்டார்கள். எங்கள் குழுக்களில் மூன்றாவது வாரம்தான் உட்கார முடிந்த பிள்ளைகளும் இருந்தார்கள்.